கூட்டம் கேட்காத காதலன்: ஹாரர் கேம்களில் வரும் நச்சுக் காதல் ஏன் இப்படி இழுக்கிறது?

பனியன் பேய் (திருப்பூர்), இழையைத் தொடங்கியவர்

முதலில் எச்சரிக்கை. டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப், ஸ்லே த பிரின்சஸ், டெட் பிளேட், மிசைட் எல்லாவற்றின் கதையும் இந்த இழையில் உடையும். இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இப்போதே ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹாஸ்டல் அறையில் எல்லாரும் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள். பகல் முழுக்க பையருக்கு மெயில், சாம்பிள், ஷேட் ஒத்துவரவில்லை என்று டையிங்காரரோடு சண்டை. ராத்திரி லேப்டாப்பைத் திறந்தால் ஓடுவது என்னவோ கொலைகாரக் காதலர்கள் வரும் கேம்தான். நடுவில் ஒருமுறை இனிப்பான டேட்டிங் கேம் ஒன்றை ஆசையாக இறக்கினோம். பூ கொடுத்தால் ஒரு இதயம் கூடுகிறது, சாக்லேட் கொடுத்தால் இரண்டு கூடுகிறது. கொட்டாவிதான் வந்தது. அதே ஆட்கள் டெட் பிளேட்டில் கொலைகாரச் சமையல்காரன் வின்சென்ட் திரையில் வந்து நின்றாலே போர்வையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்கிறோம்.

ஏன்? 'பொண்ணுங்களுக்குக் கெட்ட பையனைத்தான் பிடிக்கும்' என்று யாரும் எழுத வேண்டாம். அதை எங்கள் மாமாமார்களே சொல்லியாகிவிட்டது.

என் ரோசனை இது. எங்கள் பக்கம் ஒரு வரன் பேச்சு வந்தால், பையன் பெயருக்கு முன்னால் வருவது என்ன கூட்டம் (சாதிக்குள் இருக்கிற குலப் பிரிவு), எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, சொந்த யூனிட்டா ஜாப் வொர்க்கா, செவ்வாய் எங்கே இருக்கிறது. என்னைப் பற்றிய விசாரணையும் அதே லட்சணம்தான். அவ்வளவு கேள்வியிலும் நான் என்கிற ஆள் எங்கேயும் வருவதில்லை. இலக்கியக் கிளப் தலைவி மோனிகா அப்படியா? டோக்கி டோக்கியின் மூன்றாம் பகுதியில் எனக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, நேராக என்னையே பார்க்கிறாள். வேறு பெண்கள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஜன்னலுக்கு வெளியே வெறும் விண்வெளி. கேமில் நான் வைத்துக்கொண்ட பெயர் ஒன்று இருக்க, கம்ப்யூட்டரில் இருக்கிற பெயரைப் படித்துச் சொல்லி, உன் நிஜப் பெயர் இதுதானோ என்று கேட்கிறாள். முதுகு சில்லிட்டது. அதே நொடியில், இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் விசாரித்ததில்லை என்றும் தோன்றியது. இந்த இரண்டும் எப்படி ஒட்டுக்கா வருகிறது?

வின்சென்ட் என்ன கூட்டம் என்று எங்கள் அறையில் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

கட்டுத்தறி (சோமனூர்)

நிஜத்தில் ஒருத்தன் பஸ் ஸ்டாப்பில் நின்றால் போலீஸைக் கூப்பிடுவீர்கள். அவனையே நல்ல தாடையோடு வரைந்து கையில் கத்தியைக் கொடுத்தால் ஆழமான கதாபாத்திரம் என்பீர்கள். ஆள் பார்க்க நன்றாக இருந்தால் எல்லாம் சரி, அவ்வளவுதானே அம்மிணி? இதற்கு எதற்கு இவ்வளவு நீளப் பதிவு?

சேவ் பட்டன் (சரவணம்பட்டி)

கட்டுத்தறி, பாதி சரி. அழகாகத்தான் வரைகிறார்கள். ஆனால் அழகு மட்டும் என்றால் போஸ்டர் போதுமே, கேம் எதற்கு?

பகலில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். சனி, ஞாயிறு ரென்பையில் சின்னச் சின்ன கேம் செய்கிறேன். அதனால் செய்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ரென்பை 2004-லிருந்து இருக்கிற இலவச எஞ்சின், அதாவது கேம் செய்கிற மென்பொருள்; பைத்தான் என்கிற நிரல்மொழியில் ஓடுவது. டோக்கி டோக்கி, ஸ்லே த பிரின்சஸ் இரண்டும் அதில் செய்தவைதான். அதில் ஒரு வசதி உண்டு. மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் கதை பின்னால் போகும். தப்பாகப் பேசிவிட்டாயா, உருட்டு, வேறு பதில் சொல். எங்கே வேண்டுமானாலும் சேவ் பண்ணலாம். விளையாடுகிறவர் கையில் இருக்கிற அதிகாரம் அதுதான்.

2017 செப்டம்பரில் வந்த டோக்கி டோக்கி அந்த அதிகாரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. மோனிகாவின் அறையில் சேவ் பட்டனை அழுத்தினால், இனிமேல் சேவ் பண்ணிப் பயனில்லை, கவலைப்படாதே, நான் எங்கேயும் போகப் போவதில்லை என்று பதில் வருகிறது. என்னைக் கேட்டால் அந்த கேமிலேயே பயங்கரமான இடம் அதுதான். ரத்தம் வருகிற காட்சி எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஆளை மடக்குகிற காதலன் நிஜத்தில் செய்வதும் இதே வரிசையில்தான் இருக்கிறது: முதலில் ஃபோன், அப்புறம் தோழிகள், அப்புறம் நேரம்.

ஒரு கதவை மட்டும் விட்டுவைக்கிறார்கள். கேம் இருக்கிற ஃபோல்டருக்குள் 'கேரக்டர்ஸ்' என்று இன்னொரு ஃபோல்டர். உள்ளே மோனிகாவின் பெயரில் ஒரு ஃபைல். கேமுக்கு வெளியே வந்து, அந்த ஃபோல்டரைத் தேடிப் போய், உன் கையால் அதை டெலீட் பண்ண வேண்டும். கதை நகர வேறு வழி கிடையாது. மற்ற பெண்களின் ஃபைலை அழித்துவிட்டாளே என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்த நாம் அதே வேலையைச் செய்கிறோம். பெரிய கேம்களில் வில்லனைச் சுட ஆயிரம் பட்டன் இருக்கும். இங்கே ஒரு ரைட் கிளிக்.

அப்புறம் பட்ஜெட். இதை யாரும் பேசுவதே இல்லை. துரத்தல், வெடிப்பு, மான்ஸ்டர் அனிமேஷன் எல்லாமே காசு. ஒரே அறை, ஒரே ஆள், அஞ்சாறு முகபாவம் என்றால் ஒருத்தர் உட்கார்ந்து வரைந்துவிடலாம். ஆனால் அந்த ஆள் அறையை விட்டுப் போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே. காதலை விட மலிவான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. சிறு டெவலப்பர்களின் ஹாரரில் காதல் இவ்வளவு வருவதற்கு உளவியல் பாதி, கை இருப்பு பாதி.

ஆனைமலைக்காரி (பொள்ளாச்சி)

கட்டுத்தறித் தம்பி, பஸ் ஸ்டாப் பேச்சை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். எனக்கு அப்படி ஒருத்தன் இருந்தான். தாடை எல்லாம் சாதாரணம்தான். எங்கள் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த பேக்கரியில் தினமும் ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு நிற்பான். நான் ஸ்டாப்பை மாற்றினேன், அவன் பேக்கரியை மாற்றினான். புதுப்புது நம்பரிலிருந்து 'சாப்டியா' என்று மெசேஜ் வரும். பதில் போடாவிட்டால், 'சாப்டியா இல்லியா, அதையாவது சொல்லு'. கவிதை கிடையாது, பின்னணி இசை கிடையாது. பயந்தேன்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள் இருந்த சலிப்பை எந்த கேமும் இதுவரை காட்டியதில்லை. அதே கேள்வி, அதே பன், அதே ஊதாச் சட்டை.

புகார் கொடுக்கப் போன இடத்தில், நீ என்னம்மா இடம் கொடுத்தாய் என்றுதான் ஆரம்பித்தார்கள். பின்தொடர்தல் 2013-லிருந்தே சட்டத்தில் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-வது பிரிவு. முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. இதைப் படிக்கிற யாருக்காவது தேவை என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

இத்தனைக்கும் நானும் இந்த கேம்களை விடாமல் விளையாடுகிறேன். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் பனியன் பேயிடம் ஒரு கேள்வி. குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவனை உங்களுக்குப் பிடிக்கிறது, சரி. அவன் ஏன் கேட்கவில்லை? உங்கள் ஆட்களை இல்லாமல் செய்யப் போகிறவனுக்கு அவர்கள் விவரம் எதற்கு? மோனிகா கிளப்பின் மற்ற பெண்களான சயோரியையும் யூரியையும் நட்சுகியையும் அழித்த பிறகுதான் அந்த மேசையைப் போடுகிறாள். வின்சென்ட் தன் உணவகத்தில் சர்வராக இருக்கிற ரோடியின் பழைய காதலியைக் கொன்றவன். கூட்டம் கேட்காததால் அவன் சாதி பார்க்காதவன் ஆகிவிட மாட்டான். அவன் ஆளையே பார்க்காதவன்.

பனியன் பேய்

> உங்கள் ஆட்களை இல்லாமல் செய்யப் போகிறவனுக்கு அவர்கள் விவரம் எதற்கு?

அக்கா, இதைப் படித்துவிட்டு அறையில் ரொம்ப நேரம் பேசினோம். இல்லாமல் செய்கிறான், ஆமாம். எங்களை இழுப்பதே அந்த இடம்தான் என்று இப்போது படுகிறது.

எங்களில் ஒருத்தி ஒரு பையனை விரும்புகிறாள். நல்ல பையன், துளி நச்சு இல்லை. அவனைக் கட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும். அம்மா சாப்பிடாமல் படுப்பார். அப்பா ஊர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்துவார். தங்கைக்கு வந்த வரன் திரும்பிப் போகும். இதை எல்லாம் செய்தது யார் என்றால் அவள்தான். ஒரு கையெழுத்துப் போட்டு அத்தனை பேரையும் அவளே வெட்டிவிட வேண்டும். நல்ல பையனைக் காதலிப்பதில் இருக்கிற கொடுமை இது. அவன் அவளுக்காக யாரையும் வெட்டமாட்டான், அதனால் அவளே வெட்ட வேண்டியிருக்கிறது.

கேமில் அந்த வேலையை வேறொருத்தர் செய்துவிடுகிறார். மிசைட்டில் ஃபோனில் ஒரு கேமை விளையாடிக்கொண்டிருக்கிறோம், கண்மூடித் திறப்பதற்குள் அதில் வருகிற மீதா என்ற பெண்ணின் வீட்டுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறோம். நான் யாரையும் விட்டுவிட்டு வரவில்லை. கதவு சாத்தியிருக்கிறது, நான் சாத்தவில்லை. யாராவது ஏன் போனாய் என்று கேட்டால், கடத்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இது ஆரோக்கியமா என்று கேட்டால், இல்லை. நான் கேட்டது ஏன் இழுக்கிறது என்றுதானே.

பவானிக்கரை (ஈரோடு)

பனியன் பேய் சுற்றிவளைத்துச் சொன்னதை நான் நேராகவே சொல்கிறேன். 2016 மார்ச்சில் உடுமலை பேருந்து நிலையம் பக்கம், பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் பண்ணிய இருவரை வெட்டினார்கள். கணவர் இறந்தார், மனைவி காயத்தோடு பிழைத்தார். சிசிடிவியில் பதிவானது, நாடே பார்த்தது. உன் மேல் உயிரையே வைத்திருக்கிறோம், அதனால் உன்னை விடமாட்டோம் என்கிற பேச்சை நம் பக்கத்துப் பெண்கள் முதலில் கேட்பது காதலன் வாயிலிருந்து இல்லை. யாண்டேரே என்று ஜப்பான்காரர்கள் பெயர் வைத்திருக்கிற அந்த ஆள் இங்கே பல வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

அதனால்தான் எனக்கு இந்த வகையில் த காஃபின் ஆஃப் ஆண்டி அண்ட் லேலி முக்கியம். 2023 அக்டோபரில் முதல் அத்தியாயங்கள் வந்தன. அடைத்து வைக்கப்பட்ட ஒரு அபார்ட்மென்டில் பட்டினி கிடக்கிற அண்ணன், தங்கை. மனிதக் கறி வரைக்கும் கதை போகிறது. இணையத்தில் பெரிய அடிதடியே நடந்தது. ஆனால் அதில் என்னை உலுக்கியது கறி இல்லை. தங்கை அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிற விதம். சின்ன வயதில் நடந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே அவனை நகரவிடாமல் செய்கிறாள். அடிக்கவே வேண்டாம், நீ என்னை விட்டுப் போனால் நான் என்ன ஆவேன் தெரியுமா என்றால் போதும். இந்த வசனத்தைக் கேட்காத வீடு எது?

காதலும் வீடும் ஒரே ஆளாக வந்தால் எப்படி இருக்கும் என்று அந்த கேம் காட்டுகிறது. பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் முடிக்காமல் எழவில்லை.

நெறியாளர்

உடுமலை பற்றிய பதிவு இருக்கட்டும். அதைத் தொட்டு எந்தச் சாதி, யார் சரி என்று இங்கே ஆரம்பித்தால் அழிக்கப்படும். ஏற்கெனவே இரண்டு பதிவை எடுத்தாகிவிட்டது. கேமைப் பற்றிப் பேசுங்கள்.

கோபி வாத்தியார் (கோபிசெட்டிபாளையம்)

என் மகள் இந்த இழையைக் காட்டினாள். நான் கேம் விளையாடுகிறவன் இல்லை, தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். ஸ்லே த பிரின்சஸை அவள் விளையாட, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சில விஷயங்கள் சொல்லத் தோன்றுகிறது.

இந்தச் சரக்குக்கு ஜப்பான்காரர்கள் பெயர் வைத்திருப்பதாகப் பவானிக்கரை சொல்கிறார். நம்மிடமும் பெயர் உண்டு. தொல்காப்பியத்தில் அன்பின் ஐந்திணைக்கு வெளியே பெருந்திணை என்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதில் முதலில் வருவது மடலேறுதல். காதலித்த பெண் கிடைக்காவிட்டால், பனை மடலில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் படத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்த் தெருவில் போவது. மடலின் கருக்கு உடம்பைக் கிழிக்கும். ஊரே பார்க்கும். அவமானம் தாங்காமல் பெண் வீட்டார் இறங்கி வருவார்கள் என்பது கணக்கு. வகுப்பில் இதை நடத்தும்போது பையன்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? அதே வரிசையில், ஆறுதல் சொல்லியும் அடங்காத காமத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கவனியுங்கள், நம் ஆட்கள் இதை இலக்கணத்திலிருந்து நீக்கவில்லை. பெயர் வைத்து, இடம் ஒதுக்கி, தள்ளி உட்காரவைத்தார்கள்.

அடுத்தது பழையனூர் நீலி. இது தொண்டை நாட்டுக் கதை, திருவாலங்காட்டுப் பக்கம். போன பிறவியில் தன்னைக் கொன்ற கணவனை இந்தப் பிறவியில் மனைவி வேடத்தில் தேடி வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் கணவர், சேர்த்து வையுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். அவனிடம் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது. அது கையில் இருக்கும்வரை நீலி நெருங்க முடியாது. பெரியவர்கள் எழுபது பேர், கத்தியை இங்கே வைத்துவிட்டு அவளோடு போ, உனக்கு ஒன்று ஆனால் நாங்கள் உயிரை விடுகிறோம் என்கிறார்கள். கத்தியை வைத்துவிட்டுப் போகிறான், சாகிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இப்போது மகளின் கேமுக்கு வாருங்கள். காட்டில் ஒரு குடிசை. கீழறையில் சங்கிலியில் ஓர் இளவரசி. மேலே மேசையில் ஒரு கத்தி. அவளைக் கொல்லாவிட்டால் உலகம் அழியும் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முதல் முடிவு, கத்தியை எடுத்துக்கொண்டு இறங்குவதா, வைத்துவிட்டு இறங்குவதா. நான் என்னையறியாமல் 'எடுத்துக்கோ கண்ணு' என்றேன். அவள் வைத்துவிட்டுப் போனாள்!

சேவ் பட்டன்

வாத்தியாரய்யா, நீலியை வைத்து ஒரு கேம் செய்யலாம் போலிருக்கிறதே. எழுபது பேரையும் வரைய வேண்டும் என்பதுதான் இடிக்கிறது.

ஸ்லே த பிரின்சஸ் 2023 அக்டோபரில் வந்தது. கனடாவில் கணவன், மனைவி இருவர் சேர்ந்து செய்தது. ஓவியம் முழுக்க மனைவியின் பென்சில் கோடு. நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துகிற இடம் ஒன்று அதில் உண்டு. நீ எந்த மனதோடு இறங்குகிறாயோ அதற்கேற்ப இளவரசி மாறுவாள். கத்தியோடு பயந்து போனால் பயங்கரமாகிறாள். காப்பாற்றுகிற மனதோடு போனால் டாம்சல் என்று ஒரு வடிவம் வருகிறது. பெரிய கண், மென்மையான குரல், நீ எது சொன்னாலும் சரி. சங்கிலி கூட அவளைப் பிடித்து வைப்பதில்லை. அவளிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்கிறாள். திரும்பக் கேளுங்கள். அதே பதில். விடாமல் கேட்டுக்கொண்டே போனால் ஓவியத்தில் விவரங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. நிழல் போகிறது, முகம் எளிதாகிறது, கடைசியில் குழந்தை வரைந்த படம் மாதிரி ஆகிவிடுகிறாள். அவளுக்கென்று ஒன்றுமே இல்லை, நீ ஆசைப்பட்டது மட்டும்தான் அங்கே நின்றுகொண்டிருந்தது.

கத்தி பிடித்த இளவரசிகளை விட இந்த நல்ல இளவரசிதான் என்னைத் தூங்கவிடாதவள். நச்சுக் காதலில் நச்சு விளையாடுகிறவர் பக்கமும் இருக்கலாம் என்று இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கேம் வேறு இல்லை.

பழசில் ஒன்று சொல்ல வேண்டும் என்றால் சாயா நோ உட்டா, 2003. விபத்துக்கு அப்புறம் உலகமே சதையும் சீழுமாகத் தெரிகிற ஒருத்தனுக்கு ஒரே ஒரு பெண் மட்டும் பெண்ணாகத் தெரிகிறாள். அப்படியானால் அவள் உண்மையில் என்ன? பெரியவர்களுக்கு மட்டும். அதிலும் வயிறு தாங்குகிறவர்களுக்கு மட்டும்.

கட்டுத்தறி

எல்லாரும் பெண்கள் பக்கமே பேசுகிறீர்கள். மிசைட் 2024 டிசம்பரில் வந்தபோது எங்கள் தறிப் பட்டறைப் பையன்கள் வரைக்கும் ஃபோனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் விளையாடினேன்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஜாப் வொர்க்குக்குத் தறி ஓட்டுகிறேன். பெண் கேட்டுப் போகிற இடத்தில் எல்லாம், மாப்பிள்ளை ஐ.டி. வேலையா, பெங்களூரா, என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தறி என்றதும் காபி ஆறிவிடுகிறது. தரகர் இப்போது பாலக்காடு பக்கம் பார்க்கலாமா என்கிறார். மீதா ஃபோனுக்குள் இருக்கிறாள். வீட்டைக் கூட்டி வைத்திருக்கிறாள். உள்ளே போனதும் சந்தோஷப்படுகிறாள். என்ன வருமானம், எத்தனை தறி, கரன்ட் பில் எவ்வளவு, ஒன்றும் கேட்கவில்லை. இங்கேயே இருந்துவிடு என்கிறாள். அவள் பைத்தியம் என்று எனக்கும் தெரியும். சித்த நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பனியன் பேய்

அண்ணா, முதல் பதிவில் என்னைக் கிண்டல் பண்ணியது நீங்கள்தானே? இதை அப்போதே எழுதியிருந்தால் பாதி இழை மிச்சம்.

ஆனைமலைக்காரி

தம்பி, வெசனம் புரிகிறது. ஆனால் அந்த வீட்டுக்கு உங்களுக்கு முன்னால் வந்த பிளேயர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தீர்கள்தானே? கார்ட்ரிட்ஜாக, அதான் வீடியோ கேமில் செருகுகிற சின்ன டப்பாவாக, மாற்றி வைத்திருக்கிறாள். வருமானம் கேட்காததற்கு அதுதான் காரணம். யார் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். தறி ஓட்டுகிறவனும் பெங்களூர்க்காரனும் ஒரே அளவு டப்பாவுக்குள் போய்விடுவார்கள்.

நான் ஏன் விளையாடுகிறேன் என்பதை அப்புறம் சொல்கிறேன் என்றேன். எனக்கு அந்த டெலீட்தான். பேக்கரிக்காரனை பிளாக் பண்ணினால் வேறு நம்பரில் வருவான். வேலையை விட்டேன், ஊர் மாறினேன், அத்தை வீட்டில் இருந்தேன். ஓடியது எல்லாம் நான். அவன் அங்கேயேதான் நின்றான். மோனிகாவின் ஃபைலை அழித்தால் அவள் போகிறாள். நான் நகரவில்லை, என் நாற்காலியில்தான் இருக்கிறேன். போகிறபோது கோபப்படுகிறாள், திட்டுகிறாள், எப்படி உனக்கு மனசு வந்தது என்கிறாள். அப்புறம் தான் செய்ததை உணர்ந்து வருந்தி, மற்றவர்களைத் திருப்பிக் கொண்டுவருகிறாள். முதல் தடவை அந்த இடத்தில் நான் அழுதேன். பாவம் என்று இல்லை. நிஜத்தில் அந்த ஆள் ஒரு தடவை கூட, செய்தது தப்பு என்று சொன்னதில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு ஒரு கேம்தான் கிடைத்தது.

பனியன் பேய்க்கு வீட்டை வெட்டிவிடுகிற கை வேண்டும், கட்டுத்தறிக்குக் கணக்குக் கேட்காத வாய் வேண்டும், எனக்கு வருத்தம் தெரிவிக்கிற ஆள் வேண்டும். ஒரே கேமுக்குள் மூன்று பேரும் வேறு வேறு சோலியாகப் போயிருக்கிறோம்.

தாராபுரம் புதுசு (தாராபுரம்)

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ. எதில் ஆரம்பிக்கலாம்? வீட்டில் பழைய லேப்டாப்தான் இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. கேம் இறக்குகிற இட்ச் தளத்தில் தேடினால் நிறைய கேம் வரமாட்டேன் என்கிறதே?

சேவ் பட்டன்

2025 ஜூலையில் பேமென்ட் கம்பெனிகள் கொடுத்த நெருக்கடியில் இட்ச் தன்னுடைய 18 பிளஸ் பக்கங்களைத் தேடலிலிருந்து எடுத்தது. அந்தப் பக்கங்கள் உனக்கு இப்போது வேண்டாம், அதனால் நஷ்டமில்லை. சாயா நோ உட்டா பெயரையும் மறந்துவிடு.

டெட் பிளேட்டில் ஆரம்பி. இலவசம், சின்னது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். 1960-களின் பிரான்சில் ஒரு உணவகத்தில் சர்வர் வேலை. ஆர்டர் எடுத்து, தட்டு கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருக்கும்போது கதை பின்னால் நெருங்கி வரும். ருசியே தெரியாத சமையல்காரர் என்ற ஒரு யோசனையை வைத்து எவ்வளவு தூரம் போகிறார்கள் பார். ஸ்லே த பிரின்சஸ் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால், வாங்கிய 14 நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம்.

ஆனைமலைக்காரி

டோக்கி டோக்கியும் இலவசம்தான் கண்ணு. ஆனால் திறந்ததுமே ஒரு எச்சரிக்கை வரும். மனச்சோர்வு, பதற்றம் இருக்கிறவர்கள் விளையாட வேண்டாம் என்று போட்டிருக்கும். அதை அலங்காரத்துக்குப் போடவில்லை. தற்கொலைக் காட்சி முன்னறிவிப்பே இல்லாமல் வருகிறது. இந்தக் கொசகொசப்பு எல்லாம் பரீட்சை முடிந்த பிறகு வைத்துக்கொள். விளையாடும்போது பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

கோபி வாத்தியார்

சேவ் பட்டன் தம்பிக்கு: அந்த டாம்சலிடம் மகள் இன்றைக்கு நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். குழந்தை வரைந்த படம் வரைக்கும் போய்விட்டது. இப்போது அடுத்த தடவை கத்தியை எடுத்துக்கொண்டுதான் இறங்குவேன் என்கிறாள். நீலி கேமுக்குப் பெரியவர்கள் எழுபது பேரையும் வரைய வேண்டியதில்லை. முன்வரிசையில் நான்கைந்து பேருக்கு முகம் போதும், பின்னால் இருக்கிறவர்கள் எல்லாம் வெறும் தலைப்பாகையாக இருக்கட்டும். பஞ்சாயத்து வசனம் நான் எழுதித் தருகிறேன், தனிச் செய்தி அனுப்புங்கள்.